வாயிற்காவலரின் குற்றம்



திண்டுக்கல்லுக்கு எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஊருக்கு முன்னால் அந்தப் பாறை மலைதான் கண்ணில் படும். மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்பர் 1605-ஆம் ஆண்டில் அதன்மேல் கோட்டை எழுப்பத் தொடங்கினார். திருமலை நாயக்கர் காலத்தில் அது வலுப்பெற்றது. பின்னர் மைசூர் அரசின் கைக்கு மாறி, 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. நகரின் பேகம்பூர்ப் பகுதி, அங்கே அடங்கியிருக்கும் அமீருன்னிசா பேகத்தின் பெயரால் அமைந்தது என்பதை அங்குள்ள பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகிற சிறுவர்களும் அறிவார்கள்.

அந்தக் கோட்டைக்கு 1755-ஆம் ஆண்டில் மைசூர் அரசின் பௌஜ்தாராக, அதாவது படைக்கும் ஆட்சிக்கும் பொறுப்பான அதிகாரியாக, வந்து சேர்ந்தவர் ஹைதர் அலி. இங்கேதான் அவர் பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு ஆயுதச் சாலை அமைத்தார்; படை திரட்டினார்; சுற்றியிருந்த பாளையக்காரர்களை அடக்கினார். ஆறே ஆண்டுகளில், 1761-இல், மைசூர் நாடு முழுவதும் அவர் கைக்குள் வந்தது. அரியணையில் உடையார் மன்னர் பெயருக்கு அமர்ந்திருந்தார், ஆட்சி ஹைதருடையதாயிற்று. சரித்திரத்தில் ஹைதருக்குக் கிடைத்த பெரிய இடத்தின் முதற்படி திண்டுக்கல் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஹைதர் அலியின் வீரத்தைப் பற்றி நம் மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம். இக்கட்டுரையில் நாம் பார்க்கவிருப்பது அவருடைய வாளை அன்று, அவருடைய செவியை. வலிமை மிக்கவரிடம் வலிமையற்றவர் எப்படிப் பேசுவது, அந்தப் பேச்சு போய்ச் சேரும் வழியை யார் காப்பது, யார் அடைப்பது என்பதே நமது பொருள். இது அரசர்களுக்கு மட்டும் உரிய விவகாரமா என்பதைப் படித்து முடித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத ஆட்சியாளர்

ஹைதர் அலிக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது. ஆனால் கன்னடம், தெலுங்கு, மராத்தி, தமிழ், ஹிந்துஸ்தானி என ஐந்து மொழிகளில் பேசக்கூடியவர் என்று அக்காலத்தவர் பதிவு செய்திருக்கிறார்கள். முன்ஷிகள் கடிதங்களை வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொள்வார். பதிலை வாயால் சொல்வார். அதே நேரத்தில் வேறொரு வழக்கையும் விசாரிப்பார். கணக்குகள் அவர் நினைவில் தங்கியிருந்தன.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். படிக்கத் தெரிந்த மன்னர், ஓலையைத் தாமே வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். படிக்கத் தெரியாதவருக்கு உலகம் முழுவதும் பிறர் வாய் வழியாகத்தான் வந்து சேரும். இடையில் நிற்பவர் ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டால் அந்த வார்த்தை அவரைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. தம்முடைய இந்தப் பலவீனத்தை ஹைதர் நன்றாக அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது. கோவையில் நடந்த ஒரு சம்பவம் அதற்குச் சான்று.

ஹைதரின் படையில் ஐரோப்பிய வீரர்களுக்கும் பீரங்கிப் பிரிவுக்கும் தலைமை வகித்த தெ லா தூர் என்னும் பிரெஞ்சு அதிகாரி, பின்னாளில் ஹைதரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1783-இல் வெளிவந்த அந்நூலில்தான் இந்தச் சம்பவம் இருக்கிறது. ஹைதரிடம் சம்பளம் வாங்கியவர் எழுதியதாயிற்றே, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பாரோ என்று சிலர் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. ஆயினும் அதில் வரும் ஒரு கருத்து, யார் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் தேய்ந்துபோகாத கருத்து.

1767-ஆம் ஆண்டு. ஹைதர் கோயம்புத்தூரில் தங்கியிருந்தார். ஒருநாள் மாலை பரிவாரத்தோடு புறப்பட்டுச் செல்கையில் வயதான பெண் ஒருத்தி வழியில் விழுந்து, நீதி வேண்டும் என்று கூவினாள். ஹைதர் ஊர்வலத்தை நிறுத்தி என்ன குறை என்று கேட்டார். தனக்கு இருந்தது ஒரே மகள் என்றும், அகா முகம்மது என்பவர் அவளைத் தூக்கிச் சென்றுவிட்டார் என்றும் அந்தத் தாய் சொன்னாள்.

ஹைதருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அகா முகம்மது ஊரை விட்டுச் சென்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதே, இத்தனை நாள் ஏன் பேசாமலிருந்தாய் என்று கேட்டார். அந்தக் கேள்வியை நாமும் பலமுறை கேட்டிருக்கிறோம். மகள் புகுந்த வீட்டில் பட்ட துன்பத்தை இரண்டு வருடம் கழித்துச் சொல்லும்போது கேட்கிறோம். மகன் மதரஸாவிலோ பள்ளியிலோ பட்ட அடியைப் பின்னர் சொல்லும்போது கேட்கிறோம்: அப்போதே ஏன் சொல்லவில்லை?

மூதாட்டியின் பதில் நேராக வந்தது. பேசாமலிருக்கவில்லை, பலமுறை மனு கொடுத்தேன், ஹைதர் ஷாவின் கையில் கொடுத்தேன், ஒன்றுக்கும் பதில் வரவில்லை என்றாள்.

ஹைதர் ஷா என்பவர் அரண்மனையின் தலைமை வாயிற்காவலர். மனுக்களை வாங்கி ஆட்சியாளரிடம் சேர்ப்பது அவர் பொறுப்பு. அந்த இடத்திலேயே உடன் வந்துகொண்டிருந்த அவர் முன்வந்து, இந்தத் தாயும் மகளும் நடத்தை சரியில்லாதவர்கள் என்று சொன்னார். புகார் சொன்னவளின் ஒழுக்கத்தைப் புகாருக்குப் பதிலாக வைப்பது எவ்வளவு பழைய வழக்கம் பாருங்கள்!

ஹைதர் உடனே பரிவாரத்தைத் திருப்பி அரண்மனைக்குச் சென்றார். அந்தப் பெண்ணையும் பின்தொடரச் சொன்னார். தலைமை வாயிற்காவலர் எல்லோருக்கும் வேண்டியவர். அவருக்கு என்ன ஆகுமோ என்று அவையே நடுங்கியது. ஆனால் பரிந்து பேச யாருக்கும் துணிவில்லை. கடைசியில் ஐரோப்பியப் படைத் தலைவர்தான் மன்னிப்புக் கேட்டார்.

ஹைதர் மறுத்துவிட்டார். ஆள்பவருக்கும் மக்களுக்கும் இடையிலுள்ள பேச்சுவழியை அறுப்பதைவிடப் பெரிய குற்றம் வேறில்லை என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். எளியவருக்கு நீதி கிடைக்கிறதா என்று பார்ப்பது வலியவரின் கடமை. தம் நாட்டில் நடக்கும் கொடுமையைத் தண்டியாமல் விடும் ஆட்சியாளர் மக்களின் அன்பையும் நம்பிக்கையையும் இழப்பார். இறுதியில் அவர்களைக் கிளர்ச்சிக்குத் தள்ளுவார் என்றும் அவர் விளக்கியதாக அந்நூல் கூறுகிறது. வாயிற்காவலருக்கு இருநூறு கசையடி. ஒரு குதிரைப்படை அதிகாரி அந்தத் தாயோடு அனுப்பப்பட்டார். பெண் அகா முகம்மதுவின் இடத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டு, தாயிடம் ஒப்படைக்கப்பட்டாள். அகா முகம்மதுவின் தலை கோவைக்கு வந்தது.

இதில் ஒரு செய்தியைக் கவனியாமல் கடந்துவிடக் கூடாது. அந்த அகா முகம்மது யார்? அறுபது வயது கடந்தவர். நெடுங்காலம் ஹைதரின் தலைமை வாயிற்காவலராக இருந்து, அதற்குக் கைம்மாறாக ஜாகீர் நிலம் பெற்று ஓய்வுக்குச் சென்றவர். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவரே ஹைதர் ஷா! மூதாட்டியின் மனு ஏன் உள்ளே போகவில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா? யாரைப் பற்றிப் புகாரோ அவருடைய ஆள்தான் புகார் வாங்குகிற இடத்தில் அமர்ந்திருந்தார்.

தண்டனையின் கொடுமையை நாம் போற்ற வேண்டியதில்லை. விசாரணை முழுமையாக நடந்ததாகவும் தெரியவில்லை. ஹைதரை இறைநேசராக்கிக் காட்டுவதும் நம் நோக்கமன்று. வரி வசூலில் அவர் காட்டிய கடுமையும், போர்க்காலங்களில் ஊர்கள் பட்ட பாடும் சரித்திரத்தில் இருக்கின்றன. மேலும், ஒரு தாய் தன் மகளைப் பெறுவதற்குக் குதிரைகளின் காலடியில் விழ வேண்டியிருந்தது என்பதே அந்த ஆட்சியின் குறைதான். எனினும் குற்றங்களின் வரிசையில் எதை அவர் முதலில் வைத்தார் என்பது எண்ணத் தக்கது. கடத்தியவனுக்குத் தண்டனை கொடுப்பது எந்த அரசனுக்கும் தோன்றும். கடிதத்தை அடக்கி வைத்தவனும் குற்றவாளியே என்று அதே மூச்சில் தீர்ப்பளிப்பது அரிது.

கூஃபாவில் எரிந்த கதவு

இந்த எண்ணம் ஹைதருக்கு எங்கிருந்து வந்தது என்று நாம் ஊகிக்க வேண்டாம். ஆனால் நம் சரித்திரம் அறிந்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது ஒரு கதவு.

இராக்கை வென்ற படைத்தளபதி ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் கூஃபா நகரை அமைத்து அங்கே ஆளுநராக இருந்தார்கள். அவர்களுடைய மாளிகைக்குப் பக்கத்தில் சந்தை. ஆரவாரத்தில் பேச்சே கேட்கவில்லை என்பதால் மாளிகைக்கு ஒரு கதவு போடப்பட்டது. இதில் என்ன தவறு என்றுதான் நமக்குத் தோன்றும். செய்தி மதீனாவுக்கு எட்டியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். வந்தவர் நேராகப் போய் விறகு வாங்கினார், கதவைக் கொளுத்தினார். அதன் பின்னரே கலீஃபாவின் கடிதத்தைக் கொடுத்தார். மக்கள் உள்ளே வருவதைத் தடுக்கும் கதவு உமது வீட்டுக்கு வேண்டாம் என்பதே அதன் கருத்து.

ஸஅத் (ரலி) அவர்கள் சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். அவர்களுடைய நேர்மையில் உமர் (ரலி) அவர்களுக்குச் சந்தேகமில்லை. நல்ல மனிதர் போட்ட கதவும் கதவுதான் என்பதே அங்கிருந்த கவலை. குறையோடு வருகிற ஏழைக்கு உள்ளே இருப்பவர் நல்லவரா என்பது எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்குத் தெரிவது சாத்திய கதவுதானே!

விருப்பாட்சியிலிருந்து ஒரு கடிதம்

இனித் திண்டுக்கல் சீமைக்கே திரும்புவோம். இதுவரை வலியவரின் கடமையைப் பார்த்தோம். எளியவர் பேசும் முறை என்ன?

1772 ஜூன் 25. ஆற்காடு நவாப் முகம்மது அலியின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து காளையார்கோவிலைத் தாக்கின. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் அப்போரில் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி வேலு நாச்சியார் தம் மகளோடு தப்பித் திண்டுக்கல் சீமையின் மேற்கே மலையடிவாரத்திலுள்ள விருப்பாட்சிப் பாளையத்தை அடைந்தார். முதிய அமைச்சர் தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும் உடன் சென்றனர். விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார்.

நாடு இல்லை, கணவர் இல்லை, படை இல்லை. எதிரில் நவாபும் கம்பெனியும். உதவக்கூடியவர் ஒருவர்தான்: மைசூரின் ஹைதர் அலி. அவரோ வேற்று நாட்டவர், வேற்று மதத்தவர், பாளையக்காரர்களை அடக்கியே பெயர் பெற்றவர். அவரிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?

1772 டிசம்பர் 8-ஆம் தேதியிட்டுத் தாண்டவராய பிள்ளை ஹைதருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ஐயாயிரம் குதிரைப்படையும் ஐயாயிரம் காலாட்படையும் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் வரலாற்றைத் தமிழில் விரிவாக எழுதிய எஸ்.எம். கமால் அவர்கள் இந்தச் செய்திகளையெல்லாம் தேடித் திரட்டித் தந்திருக்கிறார்.

கடிதத்திலுள்ள அந்த எண்ணைப் பாருங்கள். உதவி செய்யுங்கள், காப்பாற்றுங்கள் என்று பொதுவாக அழுது நிற்கவில்லை. இத்தனை குதிரை, இத்தனை காலாள் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்கப்படுபவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வதற்கு வசதியான கேள்வி அது. எளியவர் வலியவரிடம் பேசுகையில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறோம். மனத்தில் இருப்பது ஒரு கோரிக்கை; வாயில் வருவது பத்து வருடத்துக் கண்ணீர். கேட்பவருக்கு எதைச் செய்வது என்றே தெரியாமல் போய்விடுகிறது. கண்ணீர் பொய் என்று சொல்லவில்லை. அதற்குள் கோரிக்கை மூழ்கிவிடக் கூடாது என்கிறோம்.

பின்னர் வேலு நாச்சியார் ஹைதரை நேரில் சந்தித்தார் என்றும், அவரிடம் உர்து மொழியிலேயே பேசினார் என்றும், அதைக் கேட்டு ஹைதர் வியந்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்தச் சந்திப்பு நிகழ்ந்த இடமாகத் திண்டுக்கல் கோட்டையைச் சுட்டுவார்கள். வழிவழிச் செய்தி என்பதை மனத்தில் கொண்டே இதைச் சொல்கிறோம். ஹைதருக்குத் தமிழும் பேச வரும் என்று மேலே கண்டோம். எனவே அந்தச் செய்தி உண்மையாயின், அரசியார் அவருடைய மொழியில் பேசியது வேறு வழியின்றி அன்று, மரியாதையால். தன் தாழ்ந்த நிலையை மறைக்காமலும் அதற்காகக் குனியாமலும் பேசுவதற்கு, கேட்பவரின் மொழியைத் தேர்ந்துகொள்வது ஒரு வழி. ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்ட மூஸா (அலை), ஹாரூன் (அலை) ஆகிய இரு நபிமார்களுக்கும் மென்மையாகப் பேசும்படி இறைவன் கட்டளையிட்டதைத் திருக்குர்ஆனில் ஓதுகிறோம். அங்கே மென்மை ஃபிர்அவ்னின் தகுதிக்காகக் கொடுக்கப்பட்டதன்று. சொல்லவந்த செய்தியில் ஒரு சொல்லையும் அவர்கள் குறைத்துவிடவுமில்லை.

உதவி உடனே வந்துவிடவில்லை. ஹைதருக்குத் தம் சொந்தப் போர்களும் கணக்குகளும் இருந்தன. எட்டு ஆண்டுகள் அந்த அரசி காத்திருந்தார். தாண்டவராய பிள்ளை வெற்றியைக் காணாமலே மறைந்தார். 1780-இல் ஹைதர் கம்பெனிக்கும் நவாபுக்கும் எதிராகக் கர்நாடகச் சீமைக்குள் பெரும்படையோடு இறங்கினார். அந்த ஆண்டிலேயே, மைசூர்ப் படையின் துணையோடு, வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். 1796-இல் மரணமடையும் வரை அவருடைய பெயர் அச்சீமையில் மரியாதையோடு சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுகிறது.

இருபத்துமூன்று நாள் அலைச்சல்

இதற்கு நேர்மாறான ஒரு சந்திப்பும் தென்பாண்டிச் சீமையில் நடந்தது. சுருக்கமாகச் சொல்வோம். 1798-இல் இராமநாதபுரம் கலெக்டர் ஜாக்ஸன், வரிபாக்கி பற்றிப் பேச வேண்டும் என்று பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனை அழைத்தார். வந்தவரைக் காண மறுத்து ஊர் ஊராகத் தம் பின்னாலேயே அலைய வைத்தார். குற்றாலம், சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இருபத்துமூன்று நாள் நீண்ட அலைச்சல் செப்டம்பரில் இராமநாதபுரத்தில் முடிந்தது. அங்கே நிற்க வைத்து விசாரணை. பின்னர் கைது செய்ய முயற்சி. கைகலப்பில் கம்பெனியின் துணைத்தளபதி கிளார்க் கொல்லப்பட்டார். விசாரித்த குழுவே ஜாக்ஸனின் நடத்தை சரியன்று என்று கண்டது. அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் முறிந்த நம்பிக்கை ஒட்டவில்லை. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். விருப்பாட்சி கோபால நாயக்கரையும் 1801-இல் கம்பெனி தூக்கிலிட்டது.

வரிபாக்கி ஒரு கணக்கு விவகாரம். உட்கார வைத்துப் பேசியிருந்தால் ஒரு பகலில் தீர்ந்திருக்கக் கூடியதே என்று எண்ணத் தோன்றுகிறது. கம்பெனியின் பேராசை அதோடு நின்றிருக்காது என்பதும் உண்மைதான்.

நம் வீட்டு வாயில்

அரசர்களை விட்டுவிட்டு இப்போது வீட்டுக்கு வருவோம். நம் வீடுகளில் தலைமை வாயிற்காவலர் யார்?

வளைகுடா நாடுகளில் கணவர் வேலை செய்யும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசி ஒலிக்கும். அது கூடத்தில் இருக்கும். மாமியார், நாத்தனார், மைத்துனர் அனைவரும் சூழ்ந்திருக்க, கடைசி இரண்டு நிமிடம் மருமகள் கைக்கு வரும். நலமா? நலம். பிள்ளைகள்? நலம். வேறென்ன அவளால் சொல்ல முடியும்? கணவரோ, வாராவாரம் பேசுகிறேனே, ஒரு குறையும் அவள் சொன்னதில்லையே என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தார். இன்று ஆளுக்கொரு கைபேசி வந்துவிட்டது. வாயில் முழுவதும் திறந்துவிட்டதா என்பதை அவரவர் வீட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நிகாஹ் மஜ்லிஸை எடுத்துக்கொள்ளுங்கள். வக்கீலும் இரண்டு சாட்சிகளும் பெண்ணிடம் சென்று சம்மதம் கேட்கிறார்கள். ஷரீஅத் அவளுக்காகத் திறந்து வைத்த வாயில் அது. நடப்பது என்ன? பந்தல் போட்டு, பிரியாணி வெந்து, ஊர் கூடிய பின்னரே அந்தக் கேள்வி போகிறது. பல இடங்களில் பெண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவர் சம்மதம் சம்மதம் என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் பதிவாயிற்று. ஆனால் அவள் பேசினாளா?

இங்கே பரீரா (ரலி) அவர்களின் சம்பவத்தை நினைவுகூராமல் இருக்க முடியாது. அடிமைப் பெண்ணாக இருந்தவர்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கி விடுதலை செய்தார்கள். கணவர் முகீஸ் (ரலி) இன்னும் அடிமை. விடுதலை பெற்றதும் திருமணத்தைத் தொடர்வதா, பிரிவதா என்ற உரிமை பரீரா (ரலி) அவர்களுக்குக் கிடைத்தது. பிரிந்தார்கள். முகீஸோ மதீனாவின் தெருக்களில் கண்ணீர் தாடியில் வழிய அவர்கள் பின்னாலேயே நடந்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் மனமிரங்கி, அவரிடம் திரும்பிச் செல்லலாமே என்று பரீராவிடம் சொன்னார்கள்.

சொன்னவர் அல்லாஹ்வின் தூதர். கேட்டவர் நேற்றுவரை அடிமை. இதைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வை எங்கே காண்பது? அந்தப் பெண்மணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். இது கட்டளையா என்று. இல்லை, பரிந்துரைக்கிறேன் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று பரீரா (ரலி) கூறிவிட்டார்கள். அதற்காக அவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. இந்நிகழ்ச்சி புகாரீ நூலில் இருக்கிறது.

பெரியவர்களே, தந்தையரே! உன் இஷ்டம்போல் செய் என்று மகளிடம் சொல்கிறோம். சொல்லும் குரலிலேயே கட்டளை இருக்கிறது. அது கட்டளையா, ஆலோசனையா என்று அவள் திருப்பிக் கேட்டால் துடுக்கு என்கிறோம். பரீரா (ரலி) கேட்டது துடுக்கா? கட்டளையானால் கீழ்ப்படிய வேண்டுமே என்ற பணிவினால் அல்லவா அந்தக் கேள்வியே எழுந்தது! கேட்டவரின் பணிவும் பதில் சொன்னவரின் தெளிவும் அங்கே ஒன்றுக்கொன்று ஈடாக நின்றன. ஆலோசனை என்று சொல்லிவிட்டுக் கட்டளையாக நடத்திக்கொள்ளும் தந்தை, மகளுக்கு அடுத்த முறை வாய் திறக்கும் துணிவையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்.

கடை வைத்திருப்பவர்களுக்கும், பட்டறை, தோல் பதனிடும் சாலை நடத்துபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. முதலாளியிடம் வேலையாள் நேராகப் பேச முடியாது. மேஸ்திரி வழியாகத்தான் பேச வேண்டும். குறை மேஸ்திரியைப் பற்றியே இருந்தால்?

திண்டுக்கல்லில் 2021

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கோவை மூதாட்டியின் வழக்கு, நம் காலத்தில் திண்டுக்கல் மாவட்டத்திலேயே மீண்டும் வந்து நின்றது. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நாச்சி அப்பேரல் என்னும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருத்தி, 2021 ஜனவரியில் கொலையுண்டு கிடந்தாள். தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அவர் அவளைப் பல மாதங்களாகத் தொல்லைப்படுத்தி வந்தார் என்று குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் கூறினார்கள்.

ஏன் அப்போதே சொல்லவில்லை? ஹைதர் கேட்ட அதே கேள்வி. பணியிடத்தில் பெண்கள்மீது நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். ஏட்டில் வாயில் இருந்தது. ஆனால் இன்று எத்தனை உருப்படி தைத்தாய் என்று கணக்குக் கேட்பவரும், நாளை விடுப்புத் தருபவரும், கூலியைக் குறைக்க வல்லவரும் அந்த மேற்பார்வையாளர்தானே! குடும்பத்தின் அடுப்பு எரிவது அவர் கையில் இருக்கும்போது, அவரைத் தாண்டிப் போய்ப் பேசு என்று ஓர் இருபது வயதுப் பெண்ணிடம் சொல்வது எளிது.

அவள் உறுப்பினராக இருந்த, பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் வழக்கோடு நிற்கவில்லை. அவர்கள் தைத்த ஆடைகளை வாங்கி விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் கதவைத் தட்டியது. ஓராண்டுக்கும் மேலான பேச்சுவார்த்தைக்குப் பின் 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. தொழிற்சாலை நிர்வாகமும், அந்தச் சங்கமும், அதற்குத் துணைநின்ற ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளும், எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். என்னும் ஆடை நிறுவனங்களும் அதில் ஈடுபட்டன. உலகம் அதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்ற பெயரால் அறிந்துகொண்டது. பூட்டுக்குப் பேர்போன ஊரின் பெயர் ஒரு வாயிலைத் திறக்கும் ஏற்பாட்டுக்குக் கிடைத்தது.

அந்த ஏற்பாட்டின் நுட்பம் நம் கருத்துக்கு நெருக்கமானது. தொழிற்கூடத்தின் ஒவ்வொரு பகுதியிலும் தொழிலாளர்களிலிருந்தே சிலர், கண்காணிப்பதற்காகச் சங்கத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள். பக்கத்துத் தையல் எந்திரத்தில் அமர்ந்திருப்பவளிடமே குறையைச் சொல்லலாம். மேற்பார்வையாளரின் அனுமதி தேவையில்லை. உள்ளே தீராவிட்டால், நிர்வாகத்தின் கீழ் வராத வெளியாட்கள் விசாரிப்பார்கள். பால், சாதி, ஊர் பெயர்ந்து வந்த நிலை ஆகியவற்றைக் காரணமாக்கி இழிவாக நடத்துவதும் புகாருக்குரியதாயிற்று. புகார் சொன்னவரைப் பழிவாங்குவது தனிக் குற்றமாக வைக்கப்பட்டது. தொழிற்சாலை இவற்றை மீறினால், ஆடை வாங்கும் நிறுவனங்கள் அதற்கேற்ப வியாபாரத்தைக் குறைக்கக் கடமைப்பட்டன. மேற்பார்வையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் அதே பயிற்சி உண்டு என்பதையும் ஒப்பந்தம் சேர்த்துக்கொண்டது. உற்பத்தியைக் கூட்டுவதற்காகக் கத்துவது, கெட்ட வார்த்தையால் ஏசுவது எல்லாம் வேலையின் பகுதி என்றே அவர்கள் அதுவரை எண்ணியிருந்தார்கள்.